ஜோசியர் கம்ப்யூட்டருக்குச் சந்தனக்காப்பு

என் வீட்டுக்காரர் தணிகாசலம் எதைச் சொன்னாலும் நான் அதைப் பத்தால் வகுத்துக்கொள்வது வழக்கம். கல்யாணமான புதிதில் ஐந்தால் வகுத்துப் பார்த்தேன், போதவில்லை. "இன்னிக்கு நாப்பது கம்ப்யூட்டர் சரி பண்ணேன்" என்றால் நான்கு என்று அர்த்தம். அந்த நான்கிலும் ஒன்று பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருக்கும்.

தொழில் வீட்டிலேயேதான். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு. ஹால் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு சிபியூ பெட்டிகள். டி.வி. ஸ்டாண்டில் நாலு மானிட்டர் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றில்கூட ஒரு சீரியல் வராது. துவரம்பருப்பு டப்பாவைத் திறந்தால் ஸ்க்ரூ. ஒருநாள் சாம்பாரில் ஒரு ஸ்க்ரூ அகப்பட்டது. நான் பதறிப்போனேன். அவரோ, "இதத்தான் மூணு நாளா தேடிக்கிட்டிருக்கேன்" என்று கழுவி எடுத்துக்கொண்டு போனார். என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இரண்டு லேப்டாப் படுத்திருக்கிறது. கேட்டால், தூசி படாத இடம் வேண்டுமாம்.

பதினோரு வருஷத்தில் இது எங்களுக்கு ஆறாவது வீடு. முதல் ஐந்து ஹவுஸ் ஓனர்களும் காலி பண்ணச் சொன்ன காரணம் இந்தப் பெட்டிகள்தான். ஆறாவது ஓனர் துளசிங்கம் சார், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கீழ் வீட்டில் இருக்கிறார். மதியம் கண் அசந்தால் யாராவது பெல்லை அடித்து, "கம்ப்யூட்டர் டாக்டர் வீடு இதானே?" என்று கேட்பார்கள். அவர் வீட்டு கேட்டுக்குள் எப்போதும் பத்து ஜோடி செருப்பு கிடக்கும். மாடிப்படியில் நாலு பழைய பிரிண்டர். மனுஷன் நாலு வருஷம் பொறுத்தார்.

மே மாதம் பத்தாம் தேதி பகல் பதினோரு மணிக்கு அந்தப் பொறுமை தீர்ந்துபோனது. நடந்ததைச் சொல்கிறேன். இது நான் சொல்வது, வகுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடை நசீர் பாய் காலையிலேயே வந்து, "மெஷினை வாங்காம இன்னிக்கு எழுந்திருக்க மாட்டேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் நோன்புக்கு முன்னால் ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. என் வீட்டுக்காரர் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்தார். கம்ப்யூட்டரின் மூளைக்குச் சூடு ஏறாமலிருக்க மேலே ஒரு பேஸ்ட் தடவுவார்கள். அது தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போகலாம் இல்லையா? வெயிலாம். நேராக என் பூஜை அலமாரிக்குப் போய், நான் இழைத்து வைத்திருந்த சந்தனத்தை ஒரு கிண்ணம் வழித்துக்கொண்டு வந்து பூசிவிட்டார். சந்தனம் குளிர்ச்சிதானே என்பது அவர் நியாயம்.

சுவிட்சைப் போட்டார். படீரென்று ஒரு சத்தம், பெட்டிக்குள்ளிருந்து புகை. மெயின் ஃபியூஸ் போய் கீழ் வீட்டுக்கும் சேர்த்து கரண்ட் போய்விட்டது. வீடு முழுக்கக் கோயில் வாசனை.

"ஒண்ணும் ஆவலை பாய், உள்ள இருந்த கெட்டது வெளிய போவுது" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துளசிங்கம் சார் படியேறி வந்துவிட்டார். தோளில் துண்டு, பனியன் முழுக்க வேர்வை. வேலூர் கத்திரி வெயிலில் கரண்ட் போன வீட்டிலிருந்து வந்தவர் எப்படி இருப்பார்?

"தணிகாசலம், முப்பத்தொண்ணாம் தேதி சாவி என் கையில இருக்கணும். இனிமே பேச்சே கிடையாது" என்றார்.

ஏழாவது வீட்டுக்கு எங்கே போவது? வீட்டிலேயே ரிப்பேர் தொழில் என்று சொன்னவுடனே கதவைச் சாத்துகிறார்கள். அவரிடம் பணிவாக ஒரு மன்னிப்புக் கேட்டு, கையைக் காலைப் பிடித்து ஒரு மாசம் தவணை வாங்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் திறந்துவிட்டார்.

"உக்காருங்க சார். சந்தனம்னு லேசா நெனச்சிட்டீங்க. இன்னிக்குப் பூசினது அளவு கம்மி, அதான் புகைஞ்சுபோச்சு. போன வருஷம் இதே கத்திரியில காட்பாடி ஜோசியர் அமிர்தலிங்கம் மெஷினுக்குப் பூசினேனே, ஊரே பேசிச்சே, உங்களுக்குத் தெரியாது?"

"எந்த ஊரு பேசிச்சு?" என்றார் நசீர் பாய்.

"பேசாத ஊரை நீங்க சொல்லுங்க பாய், பாப்போம்."

சார் உட்கார்ந்தார். உட்காராமல் இருந்திருக்கலாம்.

"அந்த மெஷின்ல பன்னெண்டாயிரம் ஜாதகம் சார். அதுல எட்டாயிரம் ஜாதகத்துக்குச் செவ்வாய் தோஷம். எட்டாயிரம் செவ்வாய் ஒரே பெட்டிக்குள்ள உக்காந்தா சூடு ஏறாதா?"

"அதெப்படி, மூணுல ரெண்டு பேருக்குச் செவ்வாய் தோஷம் இருக்கும்?" என்று வாத்தியார் கணக்கைப் பிடித்தார்.

"தோஷம் இருக்கறவங்கதானே சார் ஜோசியரத் தேடிப் போவாங்க?"

சார் ஒரு நிமிஷம் யோசித்து, "அது சரிதான்" என்றார். அங்கேதான் இவருக்குக் கொம்பு முளைத்தது.

"ஆட்டோவுல ஏத்தி அனுப்பினாரு. ஆட்டோக்காரர் காட்பாடியில இருந்து இங்க வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவு பண்ணலை. அந்தச் சூட்டுலயே வண்டி ஓடி வந்துச்சு. சாக்கை நனைச்சுச் சுத்தித்தான் மாடிக்குத் தூக்கினோம். இதோ, இந்த இடத்துல வெச்சேன். வெச்சதும் மொசைக்கு பட்டுபட்டுன்னு பொரி மாதிரி பொரிஞ்சு மேல எழும்பிச்சு பாருங்க!"

"என் மொசைக்கா?" என்று சார் எழுந்துவிட்டார்.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, போதும் நிறுத்துங்கள் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினேன். இவர் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, குமுதாவும் ஆமாங்கறா. ஆறினதும் எல்லா கல்லும் அதது எடத்துல போய் உக்காந்துடிச்சு சார். முன்னாடி ஒரு கல்லு கோணலா இருந்துச்சே, அதுகூட நேரா உக்காந்துச்சு" என்றார். சார் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். எங்கள் நல்ல நேரம், தரை நேராகத்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

"குமுதா அது மேல நாலு அப்பளம் காட்டினா. எண்ணெயே இல்லாம பொரிஞ்சுது."

நான் எதையும் காட்டவில்லை. காட்பாடி ஜோசியர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது.

"வேற மெக்கானிக்கா இருந்தா அத மாத்து, இத மாத்துன்னு சொல்லியிருப்பான். நான் ஒயரப் புடிச்சு நாடி பாத்தேன். ஆஹா, இது மெஷின் கோளாறு இல்ல, உடம்புச் சூடுன்னு புரிஞ்சுபோச்சு. சனிக்கிழமையாப் பாத்து சீரகம் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் தலைக்கு வெச்சேன். பவர் பட்டன் இருக்குதே, அதான் அதுக்குத் தொப்புள். அதுல ஒரு சொட்டு வெளக்கெண்ணெய். அப்புறம் ரெண்டு நாள் எளநி."

"எளநியை எங்க ஊத்துன?" என்றார் நசீர் பாய். அவர் குரலில் சந்தேகத்தைவிடக் கவலைதான் அதிகம். அவர் மெஷின் பக்கத்திலேயே புகைந்துகொண்டிருந்தது.

"டிவிடி போடற தட்டு பின்ன எதுக்கு பாய் இருக்கு?"

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பவும் சூடு மசியலை. சரி, இனிமே சந்தனம்தான்னு முடிவு பண்ணேன். ஜவ்வாது மலைச் சந்தனம். நான் போய் வாங்கலை சார். விஷயம் கேள்விப்பட்டு மலைக்காரங்களே எறங்கி வந்து குடுத்தாங்க. குமுதா ராத்திரி பகலா இழைச்சா. தாம்பாளத்துல எடுத்து மெஷினுக்குச் சந்தனக்காப்பு சாத்தி, சுவிட்சப் போட்டேன். மொதல்ல மானிட்டர் ஒடம்பு சிலிர்த்துச்சு. அப்புறம் கீபோர்டுக்கு நடுக்கம் எடுத்துச்சு. கடகடகடன்னு பல்லு கிட்டற மாதிரி. அந்த நடுக்கத்துல தானா டைப் அடிச்சு பதினாறு ஜாதகத்த முடிச்சுடிச்சு. பதினாறும் பலிச்சுது!"

"அன்னிக்கு நம்ம மெஷினும் இங்கதானே இருந்துச்சு?" என்று பாய் மடக்கினார். "அதுக்கு ஒண்ணும் ஆவலியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாட்டினார் என்று நினைத்தேன். மாட்டுகிற ஆளா?

"அதத்தான் பாய் சொல்ல வந்தேன். எப்படிச் சொல்றதுன்னுதான் ஒரு வருஷமா தயங்கிக்கிட்டிருக்கேன். அன்னிக்குப் புடிச்ச ஜலதோஷம் உங்க மெஷினுக்கு. இன்னும் வுடலை. ஆன் பண்ணா ஒரு தும்மல், உடனே ஆஃப். வேற ஒருத்தனா இருந்தா உங்ககிட்ட உண்மைய மறைச்சிருப்பான்."

பாய் தம் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் பாவமாகக்கூடப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மெஷினுக்குப் பின்னால காத்து வர்ற ஓட்டை இருக்கு பாருங்க, அதுல இருந்து சிலுசிலுன்னு ஊத்துது. பால் பாக்கெட்ட வெச்சா கல்லு மாதிரி ஆயிடிச்சு. ஜன்னலத் தொறந்து வுட்டேன், நம்ம தெருவுக்கும் கொஞ்சம் போவட்டும்னு. அவ்வளவுதான்! ஏலகிரிக்குக் கெளம்பின ஜனமெல்லாம் வழியிலயே பஸ்ஸ வுட்டு எறங்கி நம்ம தெருவுல நின்னுடிச்சு. சுட்ட சோளம் விக்கறவன், ஸ்வெட்டர் விக்கறவன், குதிரை சவாரிக்காரன், எல்லாம் நம்ம கேட்டுக்கு முன்னால."

"என் கேட்டுக்கு முன்னாலயா?"

"ஒரு செருப்பு உள்ள வுடல சார்! அத்தன பேரையும் வெளியவே கழட்டச் சொன்னேன்."

"ஏம்பா, நான் கீழதானே இருக்கேன்? எனக்குத் தெரியாம இவ்வளவும் எப்ப நடந்துச்சு?"

"நீங்க அந்த வாரம் ஓசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தீங்களே சார்."

போன மே மாதம் சார் ஓசூர் போனது நிஜம். நாலு நாள் இருந்தார். இவர் பொய்க்கு மட்டும் எங்கிருந்துதான் திறந்த கதவு கிடைக்குமோ! இந்தத் திறமையில் கால்வாசி அந்த ஸ்க்ரூ டிரைவரில் இருந்தால் நாங்கள் எப்போதோ சொந்த வீடு கட்டியிருப்போம்.

சார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. அதைப் பார்த்ததும் இவருக்கு இன்னும் வேகம் பிடித்துவிட்டது.

"கூத்து இனிமேதான் சார். மெஷின் குளுந்துபோச்சா? உள்ள இருந்த எட்டாயிரம் செவ்வாயும் குளுந்துபோச்சு. தோஷமெல்லாம் ஒரே நாள்ல காலி! வருஷக்கணக்கா வரன் அமையாம இருந்த எட்டாயிரம் பேருக்கும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணம். மண்டபம் கெடைக்கல. கோட்டை மைதானத்துல நிக்க எடமில்ல. ஷேர் ஆட்டோவுல தாலி கட்டினாங்க. ஒரு ஜோடிக்கு பாகாயம் பஸ்ஸுல கல்யாணம், கண்டக்டர் விசிலடிச்சதுதான் கெட்டி மேளம்."

"எட்டாயிரம் கல்யாணத்துக்கு எட்டாயிரம் ஐயர் வேணுமேப்பா" என்றார் சார். கணக்கு வாத்தியாரை வேறு எதுவும் உறுத்தவில்லை போலிருக்கிறது.

"ஐயர் ஒருத்தர்தான் சார். ஸ்பீக்கர் என்னுது."

"அத்தனை கூட்டத்துக்கும் கேட்டுச்சா?"

"ஆற்காட்டுல ஒருத்தர் தெரியாம ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டாருன்னா பாத்துக்குங்க."

நசீர் பாய் சிரித்துவிட்டார். சாரின் மீசைகூட லேசாக ஆடியது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். சிரிக்கிற ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மாட்டார். ஆனால் இவருக்கு நிறுத்தும் இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

"அந்தக் குளிருக்கு மேகமெல்லாம் நம்ம மொட்டை மாடி மேல வந்து அடைஞ்சுது. அடிச்சுது பாருங்க மழை. அடுத்த நாள் காலையில பாலாத்துல தண்ணி!"

எங்கள் பாலாறு மழைக்காலத்திலேயே வெறும் மணல்தான்.

நசீர் பாய் நாற்காலியை விட்டு எழுந்தார். "தணிகா, அப்பளம் பொரிஞ்சுது, சரி. பஸ்ஸுல கல்யாணம், அதுவும் சரி. மே மாசத்துல பாலாத்துல தண்ணின்னு சொல்றியே, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு."

"கொஞ்சமாத்தான் பாய். முட்டி வரைக்கும்."

"முட்டி!"

"கணுக்கால்."

"தணிகா..."

"சரி, ஈரம் பாய். கை வெச்சா ஈரமா இருந்துச்சு."

பதினோரு வருஷத்தில் இவர் ஒரு பொய்யைக் குறைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று எனக்குத் தெரிந்துபோனது. சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா குமுதவல்லி. நாலு வருஷமா பாக்கறேன், நீ ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. அன்னிக்குக் குழாயை உடைச்சதைக்கூட நீயே கீழ வந்து சொன்னே. இந்த மாடியில நிஜம் பேசறது நீ ஒருத்திதான். இப்ப நீ சொல்லு. இவன் சொன்னது நிஜம்னு நீ சொன்னா, நீங்க இங்கயே இருங்க. பொய்யின்னு சொன்னா முப்பத்தொண்ணாம் தேதி சாவியக் குடுத்துடு."

இப்படி ஒரு சோதனை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. இவர் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் அந்த ரிப்பேர் மெஷின் மாதிரி மின்னி மின்னி அணைந்தது. எனக்கு இவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் நாற்பத்து மூன்று பெட்டியையும் பருப்பு டப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதை நினைத்துப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அவர் சொன்னது நிஜமில்ல சார்" என்றேன்.

இவர் முகம் தொங்கிப்போனது.

"பாதியத்தான் சொல்றார். மீதிய நீங்க நம்ப மாட்டீங்கன்னு மறைக்கறார். ஜோசியர் மெஷினத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. அந்தக் குளிர் மட்டும் இன்னும் இந்த வீட்ட விட்டுப் போகலை. போன மே மாசம் அரைச்ச இட்லி மாவு, இன்னி வரைக்கும் புளிக்கல சார். புளிச்சாத்தானே ஊத்த முடியும்? ஒரு வருஷமா நாங்க உப்புமாதான். கத்திரியில வெந்நீர் வெச்சுக் குளிக்கறோம். பகல்லயே ரெண்டு ஜமக்காளம் போத்திக்கறேன். இப்ப நீங்க வந்தீங்களேன்னுதான் மரியாதைக்கு எடுத்து உள்ள வெச்சேன்."

யாரோ வேறு ஒருத்தி பேசுகிற மாதிரி இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. இவருக்கு இத்தனை வருஷமாக எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாகப் புரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

"அப்ப எனக்கு இப்படி ஊத்துதே, இது என்ன?" என்று சார் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"அது வேர்வை இல்ல சார். ஐஸ் தண்ணி ஊத்தின சொம்புக்கு வெளிய முத்து முத்தாக் கோத்து நிக்குமே, அதுதான். வெளியில இருந்து சூட்டோட வர்றவங்க மேல இந்த வீட்டுக் குளிர் பட்டதும் அப்படிப் பனி கட்டும். பழகினா சரியாயிடும்."

நசீர் பாய் தம் கன்னத்தைத் தடவி, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீயுமா?" என்றார். இவர் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். பெருமையா பொறாமையா என்று சொல்ல முடியவில்லை.

துளசிங்கம் சார் மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"நீ சொன்னா சரிம்மா. நான் வாக்கு மாற மாட்டேன். காலி பண்ண வேணாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப நன்றி சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சார் வாசல்வரைக்கும் போனார். நிலைப்படியில் நின்று, திரும்பி, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"ஹால்ல ஒண்ணு, பெட்ரூம்ல ஒண்ணு, சமையல்கட்டுல ஒண்ணு. மூணு ஃபேனும் நான் மாட்டிக் குடுத்ததுதானே? ஃபியூஸ் போட எலக்ட்ரீஷியன் வருவான். அப்படியே மூணையும் கழட்டிக் கீழ கொண்டாரச் சொல்றேன். இவ்வளவு குளிர்ல உங்களுக்கு எதுக்கு? கீழ எனக்கு ரெண்டு இருக்கு, மொத்தம் அஞ்சாச்சு."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. இவர் என் பக்கத்தில் வந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "பாத்தியா குமுதா? பேசியே வீட்டக் காப்பாத்திட்டேன்" என்றார்.

"காப்பாத்தினது போதும். மார்க்கெட்டுக்குப் போய் ரெண்டு பனையோலை விசிறி வாங்கிக்கிட்டு வாங்க" என்றேன்.